பேனா இருக்காண்ணே?

"பேனா இருக்காண்ணே?"

விமானம் மேலே ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது. பின் வரிசையிலிருந்து ஒரு கை வந்து தோளைத் தொடும். கையில் வெள்ளை அட்டை, அதற்கு அடியில் பாஸ்போர்ட். பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பேனாவை நீட்டியதும் ஒரு சின்ன இழுப்பு. "நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..." அவருக்கு எழுதி முடித்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர். பிறகு அந்தப் பக்கத்து ஜன்னலோரம். ஒரே பயணத்தில் 11 அட்டை எழுதியிருக்கிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய படிப்பு. டி-ஸ்கொயர், டிரேசிங் பேப்பர், ரோட்ரிங் பேனா. முதல் சில மாதம் படமே கிடையாது, எழுத்துதான். ஆங்கிலப் பெரிய எழுத்து இருபத்தாறையும் கோட்டுக்குக் கோடு நிமிர்த்தி எழுத வைத்தார் வாத்தியார். எழுத்து சாய்ந்தால் கட்டடமும் சாயும் என்பார். அந்த எழுத்துக்கு வேலையிடத்தில் மரியாதை இருந்தது கொஞ்ச காலம்தான். ஆட்டோகேட் வந்து அதை விழுங்கியது. அதற்குப் பிறகு என் கையெழுத்துக்கு மிச்சமிருந்த ஒரே பிழைப்பு இந்த வெள்ளை அட்டைகள். "அச்சடிச்ச மாதிரி இருக்குண்ணே" என்று யாராவது சொன்னால் மூன்று நாளைக்குத் தெம்பாக இருக்கும்.

ஆவுடையார்கோவிலிலிருந்து அறந்தாங்கி 14 கிலோமீட்டர். அங்கிருந்து புதுக்கோட்டை. புதுக்கோட்டை ரோட்டிலேயே போனால் திருச்சி டவுனுக்குள் நுழையும் முன்பே விமான நிலையம் வந்துவிடும். மொத்தம் 100 கிலோமீட்டர் அளவுதான். ஒருத்தன் போவதற்கு வேன் பிடித்துப் பதினைந்து பேர் வழியனுப்ப வருவார்கள். உள்ளே போனவன் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தபிறகும் அம்மாக்கள் கையை அசைத்துக்கொண்டே நிற்பார்கள். அங்கிருந்து சிங்கப்பூர் மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நாலு மணி நேரம். மலிவு விலை விமானம் என்பதால் டி.வி. கிடையாது. சோறு காசுக்கு, தண்ணீரும் காசுக்கு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலம் எங்கேயாவது ஒரு வரிசையில் பிரியும். வாசனை பத்து வரிசைக்குப் போகும். போன் செத்துக் கிடக்கும். தூக்கம் வராதவனுக்குப் பக்கத்து ஆள்தான் கதி.

அந்த அட்டையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல்முறை போகிறவர்கள், மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மாக்கள், சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் சிங்கப்பூர் குடிநுழைவில் கொடுக்க வேண்டியது அது. போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று சிவப்பு எழுத்தில் அதில் அச்சடித்திருக்கும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வரியைப் பார்த்ததும் முகம் மாறும். பையில் இருக்கிற கருவாடும் வடகமும் ஞாபகத்துக்கு வரும். "இதுக்கு ஒண்ணும் பண்ண மாட்டாங்களே?" என்று மெதுவாகக் கேட்பார்கள்.

பிறந்த தேதி எழுதுவதற்காகப் பாஸ்போர்ட்டைத் திறந்தால், வரிசை முழுக்க மே மாதமும் ஜூன் மாதமும் பிறந்தவர்களாக இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. நானும் ஜூனில் பிறந்தவன்தான். அம்மாவைக் கேட்டால் ஐப்பசி அடைமழை என்பாள்.

வேறு பெயரில் உள்ள பாஸ்போர்ட்டில் எப்போதாவது சிங்கப்பூருக்குள் வந்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். மணமேல்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் அதற்கு ரொம்ப நேரம் யோசித்தான். "ரேஷன் கார்டுல வேற பேருண்ணே, வீட்டுல கூப்பிடுற பேரு. சொல்லிரலாமா?" வேண்டாம் என்று சொல்லி 'இல்லை'யில் கோடு போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே தோளைத் தொட்டு, அந்த வீட்டுப் பெயர் என்ன, அதை யார் வைத்தது, வைத்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பதையெல்லாம் சொல்லி முடித்தான். நான் கேட்கவே இல்லை.

ஊர்ப் பெயர் எழுதுகிற இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதல் தொல்லை. ஆவுடையார்கோவில் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 13 எழுத்து. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பஸ்ஸின் நெற்றியில் இன்னொரு மாதிரி. கோயில் புத்தகத்தில் இருக்கிற திருப்பெருந்துறை என்ற பெயரை யாரும் பாஸ்போர்ட்டில் போட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் வெளிநாட்டு வியாபாரத்தால் பேர் வாங்கிய ஊர் இது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தோடு வந்த மாணிக்கவாசகர், இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு நின்றுவிட்டார். குதிரைப் பணம் கோயிலாகிவிட்டது என்பது தலபுராணம். துறைமுகம் போகிற வழியில் எங்கள் ஊரில் தங்கிவிட்டவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் இங்கிருந்து கிளம்பிப் போனவர்கள்.

சிங்கப்பூர் முகவரிக்கு வரும்போது பையிலிருந்து ஐ.பி.ஏ. என்கிற வேலை அனுமதித் தாள் வெளியே வரும். மடித்து மடித்து நான்காக உடைகிற நிலையில் இருக்கும். துவாஸ், காக்கி புக்கிட், உட்லண்ட்ஸ் என்று ஏதாவது விடுதி. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கதை ஆரம்பிக்கும். டெஸ்ட் அடிக்க எவ்வளவு ஆச்சு, ஏஜென்டுக்கு எவ்வளவு, எந்த நிலத்தை வைத்து வாங்கியது, யார் சங்கிலி பேங்கில் இருக்கிறது. "வேல கஷ்டமாண்ணே?" என்று ஒருவனும் முதலில் கேட்கமாட்டான். கடைசியாகத்தான் கேட்பான், அதுவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஜன்னல் ஒரு பெரிய பொழுதுபோக்கு. ராத்திரி விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கரை தெரியும். இருட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு வரிசை. அது மீமிசல் என்பான் ஒருவன். இல்லை, கோட்டைப்பட்டினம் போட்டு லைட்டு என்பான் இன்னொருவன். அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர் எழுந்து நின்று இரண்டு பேரையும் மறுப்பார். மேப்பை வைத்துப் பார்த்தால் விமானம் எங்கள் ஊருக்கு நல்ல வடக்கே போகிறது. வேதாரண்யம் பக்கத்து விளக்காக இருக்கத்தான் வாய்ப்பு. ஆனால் மேப் பார்க்க வழியில்லாததால் எல்லோருக்கும் அவரவர் ஊர் தெரிந்தது. நானும் ஒரு தடவை, கொஞ்சம் உள்ளே தள்ளித் தனியாக மினுங்கிய ஒரு விளக்கைக் காட்டி, அதுதான் எங்கள் கோபுர லைட் என்று அடித்துச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

கோட்டைப்பட்டினத்துப் பாய் ஒருவர் அடிக்கடி அகப்படுவார். கடற்கரை ஊர்களில் கடல் கடந்து போவதைச் சபர் என்பார்கள், போகிறவர் சபராளி. "எங்க வாப்பா காலத்துல சபர்னா ஒரு வாரம் தம்பி. இப்ப ஒரு தூக்கம்" என்பார். அவர் சொன்னது ரஜூலா கப்பலை. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் கரைக்கு வராது; கடலில் தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். பினாங்கு, கிள்ளான் தொட்டு சிங்கப்பூர். என் தாத்தாவும் அதில் போனவர்தான். மேல்தளத்தில் பாய் விரித்து இடம் பிடித்தவர்கள், இறங்குவதற்குள் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள். என் பெரிய அத்தையின் கல்யாணம் அப்படி நிச்சயமானது என்று அப்பத்தா சொல்லுவாள். பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அந்தக் கடல்வழி அதோடு போயிற்று. ஒரு வாரம் நாலு மணி நேரமாகச் சுருங்கினாலும், நடுவில் ஆளோடு ஆள் பேசுகிற பழக்கம் மட்டும் கப்பலிலிருந்து விமானத்துக்கு மாறி ஏறிக்கொண்டது.

ஊருக்குத் திரும்புகிற விமானம் வேறு மாதிரி. அதில் யாரும் ஜன்னலைப் பார்ப்பதில்லை. சிங்கப்பூர் முஸ்தபா கடையில் வாங்கியவற்றின் விலையை ஒப்பிடுவதிலேயே பாதி நேரம் போகும். கோடாலித் தைலம் எத்தனை டஜன், மைலோ எத்தனை பாக்கெட், போர்வை யாருக்கு. அங்கேயும் அட்டை உண்டு, இந்திய வருகை அட்டை. இந்தியர்களுக்கு அது 2014இல் போனது. போகும்போது திருச்சியில் நிரப்புகிற புறப்பாட்டு அட்டை 2017 ஜூலையில் போனது. மிஞ்சியிருந்தது சிங்கப்பூரின் வெள்ளை அட்டை ஒன்றுதான். 2020 மார்ச்சில் அதையும் எடுத்துவிட்டு, எல்லோரும் இணையத்திலேயே நிரப்ப வேண்டும் என்றார்கள். கொரோனாவில் விமானமே நின்றுபோன மாதம் அது. அட்டை போனதை யார் கவனித்தார்கள்? நான் கவனித்ததே இரண்டு வருஷம் கழித்துத்தான். விமானம் மேலே ஏறி, விளக்கு அணைந்து, கால் மணி, அரை மணி ஆயிற்று. தோளை யாரும் தொடவில்லை.

நல்லதுதான். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே, அறந்தாங்கியில் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டர் பையன் நிரப்பிக் கொடுத்துவிடுகிறான். என்னை விட வேகமாக, பிழை இல்லாமல். வீட்டுப் பெயரை யார் வைத்தது என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடையில் கூட்டம் நிற்கும்.

வானத்தில் வைஃபை என்பது புதிய சங்கதி இல்லை. 2004லேயே போயிங் கம்பெனியின் ஏற்பாட்டில் லுஃப்தான்சா விமானத்தில் பயணிகளுக்கு இணையம் கொடுத்துப் பார்த்தார்கள். காசு கட்டுப்படியாகாமல் இரண்டே வருஷத்தில் மூடினார்கள். பிறகு அமெரிக்காவில் தரையில் கோபுரம் நட்டு, மேல்நோக்கி அலையை அனுப்பிப் பார்த்தார்கள். இந்தியா ரொம்ப நாள் அசையவில்லை. வெளிநாட்டு விமானங்கள்கூட நம் வான்வெளிக்குள் நுழைந்தால் வைஃபையை அணைத்துவிட வேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் விதிகள் வந்தன, 2020இல் அனுமதி வந்தது. விமானம் 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு போட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலையிலிருந்து தன் உறுப்பினர்கள் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுக்கிறது. 2025 தொடக்கத்தில் ஏர் இந்தியா உள்நாட்டு விமானங்கள் சிலவற்றிலும் கொண்டுவந்தது.

எனக்கு அது வாய்த்தது ஒரு மார்கழியில். திருவாதிரைக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று கிளம்பினேன். பொங்கல் நெருக்கத்தில் திருச்சி டிக்கெட் தொட முடியாத விலை. சென்னை வழியாகப் போட்டேன். பெரிய விமானம், சீட்டுக்கு ஒரு திரை, அதில் படம். போனில் ஏதோ ஒரு பக்கம் திறந்து, பெயரைப் போட்டு, சரி என்று அமுக்கியதும் டிங் டிங் என்று வரிசையாக இறங்கின.

முதலில் சிங்கப்பூர் சைட்டிலிருந்து. கிரேன் தூக்குகிற பிளானில் என் கையெழுத்து இல்லையாம், பார்த்து 'ஓகே' போடச் சொன்னார்கள். அடுத்தது வீட்டு குரூப். தோட்டத்து மோட்டாரில் காயில் போய்விட்டது, சரிசெய்வதா புதுசு வாங்குவதா என்று மச்சான். என்ன சாப்பிட்டீங்க என்று மனைவி. தட்டைப் படம் எடுத்துப் போடச் சொல்லி மகள். போட்டேன். சோறு கம்மியா இருக்கே என்று தங்கச்சி. அந்தமான் கடலுக்கு மேலே, 11 கிலோமீட்டர் உயரத்தில், நான் மோட்டார் காயில் சுற்றுவதற்கு எவ்வளவு ஆகும் என்று அறந்தாங்கி மெக்கானிக்கிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இது எப்படி நடக்கிறது என்று யோசித்தால் சிரிப்பாக இருக்கும். விமானத்தின் முதுகில் ஒரு ஆன்டெனா. அது தலைக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் நிற்கிற செயற்கைக்கோளைப் பார்த்துப் பேசுகிறது. அங்கிருந்து திரும்பவும் அதே 36,000 கிலோமீட்டர் கீழே ஏதோ ஒரு தரை நிலையத்துக்கு. கரையைத் தொடுகிற நேரத்தில் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற தங்கச்சிக்கு நான் அனுப்பிய "ம்" என்ற ஒற்றை எழுத்து, எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அலைந்து போய்ச் சேர்ந்தது.

சென்னையில் இறங்கும்போது ஒரு விஷயம் உறைத்தது. சைட்டை விட்டு நான் இன்னும் கிளம்பவே இல்லை, வீட்டுக்கோ எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டேன். முன்பெல்லாம் இரண்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை இருந்தது. அங்கே நான் போர்மேனும் இல்லை, குடும்பத் தலைவனும் இல்லை; பேனா வைத்திருக்கிற ஒரு அண்ணன், அவ்வளவுதான்.

இப்படிச் சொல்லும்போதே 2011இல் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்து வாயை அடைக்கிறார். திருச்சி விமானம். அப்பா இறந்துவிட்டார் என்று சேதி வந்து, கிடைத்த டிக்கெட்டில் ஏறியவர். "எடுத்துட்டாங்களா, வச்சிருக்காங்களான்னு தெரியலண்ணே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி கேட்டார். நான் சிங்கப்பூர் நேரத்தைச் சொல்லிவிட்டு, அதில் இரண்டரை மணியைக் கழித்து ஊர் நேரத்தையும் சொன்னேன். முன் சீட்டுக்காரர் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாகப் பின்னால் நீட்டிக்கொண்டே வந்தார். அவர் ஒவ்வொன்றாக வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், தின்னவில்லை. அந்த நாலு மணி நேரத்துக்கு நான் ஏங்குகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

அந்தச் சென்னை விமானத்தில் என் பக்கத்தில் இருந்தவன் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன். இரண்டு காதிலும் வெள்ளைப் பொத்தான். பாதி வழியில் ஒரு காதைக் கழற்றி, "அங்கிள், டைப்-சி வயர் இருக்கா?" என்றான். தோளைத் தொடவில்லை, அண்ணே போய் அங்கிள் ஆகியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். முன் சீட்டின் முதுகில் செருகிக்கொண்டு திரும்பவும் காதை மூடினான். என் மடியைத் தாண்டி அந்த வயர் தொங்கியது. அவன் சிரித்தான், யாரோடோ பேசுவதுபோல உதட்டை அசைத்தான், விரல் ஓடியது. நானும் என் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியபிறகு பெல்ட்டில் பெட்டிக்காக நின்றோம். கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி வளைந்து வந்தது. மார்க்கர் பேனாவில் கோணல்மாணலாக, ஆனால் பெரிய எழுத்தில், அந்த 13 எழுத்தும். அவன் குனிந்து தூக்கினான். "தம்பி, ஆவுடையார்கோவிலா?" என்று கேட்பதற்குள் யாரோ போனில் கூப்பிட, வண்டியைத் தள்ளிக்கொண்டு போயே விட்டான். என் வயரோடு. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்வரை தேடினேன், தென்படவில்லை.

மறுநாள் கோயிலில் பார்த்தேன். கொடுங்கைக்குக் கீழே, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தூணாக நகர்ந்துகொண்டிருந்தான். கல்லைத் தகடாக இழைத்து, மரச்சட்டத்தில் ஆணி அடித்த மாதிரியே செதுக்கிய கூரை அது. அண்ணாந்து அதைப் பார்க்கத்தான் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். இவன் அண்ணாந்து டவரைத் தேடினான்.

"உள்ள எடுக்காதுப்பா. இவ்வளவு கனத்துக்குக் கல்லு" என்றேன்.

அடையாளம் தெரிந்து, "ஐயோ அங்கிள், ஒங்க வயரு" என்று பையைத் துழாவினான். இருந்தது. சுருட்டாமல், சாவிக்கொத்தோடு சிக்கிக் கிடந்தது. பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கீழவீதியாம். நான் வடக்கு வீதி என்றதும், "எப்புடி அங்கிள் பாத்ததே இல்ல?" என்றான். பெட்டியில் கோணல்மாணலாக எழுதியது யார் என்று கேட்டேன். அறைத்தோழன், தஞ்சாவூர்க்காரன்.

உச்சிக்காலத்துக்கு இன்னும் நேரமிருந்தது. எங்கள் சாமிக்கு லிங்கம் கிடையாது. ஆவுடை இருக்கிறது, அதன் மேல் ஒன்றும் இல்லை. சந்நிதிக்கு முன்னால் உள்ள கல்மேடையில் புழுங்கலரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு கொட்டுவார்கள். கீரையும் பாகற்காயும் உண்டு. அதிலிருந்து எழுகிற ஆவிதான் நைவேத்தியம். அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் உட்கார்ந்தேன். அவன் போனை ஒரு தடவை பார்த்தான், சட்டைப் பையில் போட்டான், தூணில் சாய்ந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். காலை நீட்டினான், மடக்கினான். மேடையைத் துடைக்கிறவரை வேடிக்கை பார்த்தான்.

"எத்தன வருஷமா அங்கிள் சிங்கப்பூர்ல?" என்றான்.